சும்மா ஒருவர் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதிய இடைவேளையில், இணையக் குழுவில் உடம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுகிறேன் அல்லவா? அங்கே 'சும்மா ஒருவர்' என்ற பெயரில் ஒருவர் தினமும் வருகிறார். விக்கல் ஏன் வருகிறது, கொட்டாவி ஏன் தொற்றுகிறது என்று கேட்டுவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று முடிப்பார். முன்பின் தெரியாதவர்கள் அப்படிக் கேட்பதில்லை, அப்பா. மூன்று மாதமாகத் தெரியாதது போலவே இருந்தேன். அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன்.

நேற்று, "சாயங்காலமானா கால் ஏன் வீங்குது? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் குழுவில் பதில் எழுதவில்லை. போனில் கேட்டால் "எனக்கென்ன" என்பீர்கள். இதைப் படித்ததும் அம்மாவோடு டாக்டரிடம் போங்கள். திரும்பி வந்து அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

இடைவேளை முடிந்துவிட்டது. சாப்பிட்டாச்சுப்பா.

உங்கள் மகள்