மாணிக்கத்தின் டிரங்குப் பெட்டி

ஜூன் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று முறிந்தது. மரைன் ஹில் ஆபீசுக்கு ஏறுவதற்குள் முழங்கால் வரை சேறு.

கப்பல் அணையும் ஜெட்டிக்கு வரைபடம் இரண்டு முடித்தேன். கோடு நேர், அளவு சரி. வீட்டுக்கு வந்து சிரிப்புப் படம் போட உட்கார்ந்தால் கை மரக்கட்டை.

கப்பல் 22ஆம் தேதி கிளம்புகிறது. அதற்குள் பத்திரிகைக்கு அனுப்ப நாலு ‘மாணிக்கம்’ படம் தயாராக வேண்டும். இன்று வரை: ஒன்றுமில்லை.

போன கப்பலில் வந்த ஆசிரியர் கடிதத்தை மறுபடி படித்தேன். “மாணிக்கம் எங்கே என்று வாசகர்கள் கேட்கிறார்கள். உங்கள் இடத்தில் விடுகதை போட்டுச் சமாளிக்கிறேன். இந்த முறையும் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.” கோபமில்லாத கடிதம். அதனால்தான் பயம்.

ஜூன் 12, புதன்

முயன்றவை:
1. மாணிக்கம் குடையோடு கப்பலுக்கு நிற்கிறார். (போன வருஷமே போட்டாகிவிட்டது.)
2. மாணிக்கமும் தேங்காய் நண்டும். (நண்டு நன்றாக இருக்கிறது. மாணிக்கம் இல்லை.)
3. மாணிக்கத்துக்குக் கடல் மயக்கம், கரையிலேயே. (சீ.)

மூன்றையும் கமலாவிடம் காட்டினேன். கல்யாணமான நாளாகப் பார்க்கிறேன், அவளுக்கு நிஜமாகச் சிரிப்பு வந்தால் மூக்கால் ஒரு சத்தம் வரும். வரவில்லை.

“சிரிப்பு வரலைங்க. பாவமா இருக்கு அந்த ஆளு.”

காரணம் எனக்குத் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே எழுத?

மாணிக்கம் என்பது எங்கள் ஹெட்கிளார்க் ராமையா. தஞ்சாவூர்ப் பக்கம். இந்தத் தீவுக்கு வந்த நாள் முதல் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு “அடுத்த ஜஹாஜ்ல மெயின்லேண்டுக்குப் போயிடுவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர். (கப்பலுக்கு இங்கே ஜஹாஜ், ஊர்ப்பக்கத்துக்கு மெயின்லேண்டு.) மூன்று வருஷம் அவரைத்தான் நாலு கட்டத்தில் போட்டேன். அவருக்கும் தெரியும், பெருமைதான். ஊரில் அவர் அம்மாவுக்கு யாரோ படித்துக் காட்டுவார்களாம்.

ஏப்ரலில் அந்த அம்மா போய்விட்டார். தந்தி வந்த அன்று துறைமுகத்தில் கப்பல் இல்லை. அடுத்தது பதினோரு நாள் கழித்து. காரியமெல்லாம் இங்கேயே கடற்கரையில். மொட்டைத் தலையோடு ஆபீசுக்குத் திரும்பினார். அதன் பிறகு கப்பல் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து என்னால் அந்தப் பெட்டியை வரைய முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மழை விட்டு விட்டு. மண்ணெண்ணெய் வாங்க அபர்டீன் பஜார். வழக்கமான டீக்கடை. கடைக்காரர் கீழக்கரை பாய் என்னைப் பார்த்ததும் சத்தமாக:

“என்ன தம்பி, மாணிக்கத்தக் காணோம்? ஒரு வழியா ஜஹாஜ் ஏறிட்டாரா?”

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சு ஓரத்தில் ராமையா உட்கார்ந்திருந்ததை நானும் பார்க்கவில்லை, பாயும் பார்க்கவில்லை. கண்ணில் பட்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மண்ணெண்ணெய் வாங்க மறந்து வீடு வந்தேன்.

ஜூன் 15, சனி

ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். “மாணிக்கம் ஊருக்குப் போய்விட்டார். தொடர் முடிந்தது. மன்னிக்கவும்.” எழுதி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். பல் பிடுங்கிய இடம் மாதிரி இருக்கிறது.

கமலா படித்தாள். “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்குறது?”

“அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே ரெண்டு மாசமா அவரைப் பாத்தா வேற பக்கம் போறீங்க.”

உண்மை. ஃபைலைக்கூட பியூனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

டெய்ரி ஃபார்ம் பகுதியில் ராமையா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே:

“ஏன் சுந்தரம், மாணிக்கமும் செத்துட்டானா?”

தொடரை நிறுத்தப் போவதாகச் சொன்னேன். அவர் மனசு நோகுமே என்றேன்.

“நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே, அது நோகலையா? ஆபீஸ்ல ஒருத்தனும் எங்கிட்ட சிரிச்சுப் பேச மாட்டேங்கிறான். எல்லாரும் மெதுவாப் பேசுறீங்க. உங்க மரியாதையிலேயே நான் செத்துடுவேன் போலிருக்கு.”

“டீக்கடையில எழுந்து போயிட்டீங்களே, சார்?”

“பாய் சொன்னதுக்கா போனேன்? உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனேன்.”

பிறகு சொன்னார். தந்தி வந்ததும் கால் மணி நேரத்தில் பெட்டியை நிரப்பிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடியிருக்கிறார். கப்பல் இல்லை என்று தெரிந்தே. காவலாளி, பீகார்க்காரர், “பாபு, ஜஹாஜ் தோ நஹீ ஹை” என்று சொல்ல, இவர் “மாலூம்” என்றாராம். தெரியும். சொல்லிவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளியும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாராம். பொழுது சாயும் வரை இரண்டு பேரும்.

“வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்தா, ஒரு கொசுவலை. அலாரம் கடிகாரம். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட். இவளோட ஜாக்கெட் மூணு. ஒரு வேட்டி இல்லப்பா! கப்பல் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டா கொள்ளி வச்சிருப்பேன்?”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சத்தம். பிறகு ராமையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, இப்போது சிரிப்பில்லை. நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிளம்பும்போது அவர்: “அதையே படமாப் போடு.”

ஜூன் 17, திங்கள்

ஆபீசுக்கு லீவு. காய்ச்சல் என்று எழுதினேன். பொய்.

கட்டம் 1: ஓடுகிறார். 2: கப்பல் இல்லை. 3: மாலூம். 4: பெட்டி திறக்கிறது.

ஏன் ஓடுகிறார் என்று சொல்லவில்லை. அது அவருடையது.

பழைய படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக மாணிக்கத்தை முதுகுப் பக்கமிருந்துதான் அதிகம் வரைந்திருக்கிறேன். பின்னால் நின்று சிரிப்பவன் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் ஒரு ஆளும் கிடையாது. இன்று காவலாளியை வரைந்ததும் மாணிக்கம் தானாக இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். முகம் வரைய வேண்டியதாயிற்று. பதினாறு முறை அழித்தேன்.

கமலா: மூக்கால் சத்தம்! உடனே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இரண்டும் ஒரே படத்துக்கு. இதுவரை நடந்ததில்லை.

ஜூன் 19, புதன்

மற்ற மூன்றும் முடிந்தன. மாணிக்கம் காவலாளிக்குத் தமிழ் சொல்லித்தருகிறார். காவலாளி மாணிக்கத்துக்கு மீசை முறுக்கச் சொல்லித்தருகிறார். இரண்டு பேரும் தூண்டில் போட்டு ஒரு செருப்பைப் பிடிக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் நின்றுவிடும்.

மைக்கூடு கவிழ்ந்து பாயெல்லாம் கறை. திட்டு வாங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

மதியச் சாப்பாட்டு வேளையில் ராமையாவிடம் கொடுத்தேன். ஃபைல் படிக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் படத்தில் வெகுநேரம். “காவலாளிக்கு இன்னும் கொஞ்சம் தொப்பை போடு. நல்ல மனுஷன், நோஞ்சானாக் காட்டாதே.” அவ்வளவுதான் சொன்னார்.

தொப்பை போட்டேன்.

ஜூன் 22, சனி

வெயில். பார்சல் கப்பலில் போய்விட்டது. தொடரை முடிக்க எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஜூலை 27, சனி

காலையில் தூறல். நேற்று வந்த கப்பலில் பத்திரிகை வந்துவிட்டது. மாணிக்கம் பழைய இடத்திலேயே! ஆசிரியர் கார்டில் இரண்டே வரி: “காவலாளியை விட்டுவிடாதீர்கள். அடுத்த நாலு எப்போது?”

சாயங்காலம் ராமையாவும் நானும் டீக்கடைக்கு. பாய் கொஞ்சம் தயங்கினார். ராமையாவே பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, “படிங்க பாய், எல்லாருக்கும் கேக்கட்டும்” என்றார். பாய் படித்தார், ஜாக்கெட் வந்ததும் பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. புதிதாக வந்திருக்கிற ஒரு கொத்தனார், எங்களை யாரென்று அறியாதவர், கேட்டார்:

“அது சரி, கப்பல் இல்லேன்னு தெரிஞ்சும் அந்த ஆளு எதுக்கு அப்படி ஓடினாரு?”

சத்தம் அடங்கியது. நான் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா தவறிட்டாங்க” என்றார் ராமையா. “ஓடாம எப்படி இருக்கிறது?”

கொத்தனார் தலையை மட்டும் ஆட்டினார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை எடுத்து, முதல் கட்டத்திலிருந்து மறுபடியும் படித்தார், இந்த முறை மெதுவாக.

முதலில் சிரித்தது ராமையா.