திருமதி என்று போட்ட ரசீது

அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிச்சம் பிடிக்கிறேன் என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். நான் நலம். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் என்னை இஸ்திரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். ஏழைகளின் டயாலிசிஸுக்கு உதவும் அறக்கட்டளை என்று ஒருத்தி போனில் பேசினாள். பணம் அனுப்பியதும், "ரசீது யார் பேர்ல போடணும்க்கா?" என்றாள். அம்மா பேரைச் சொன்னேன். ரசீதும் தபாலில் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அப்படி ஓர் அறக்கட்டளையே கிடையாது.

அறைத்தோழி, "ஊருக்கே புத்தி சொல்ற நீயா ஏமாந்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றே வங்கிக்கு இழுத்துப்போய் கார்டை முடக்க வைத்தாள். அப்படியே போலீஸுக்கும் போனோம்.

புகார் வாங்கியவர் ரசீதைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்றார். ரசீதில் அம்மா பேருக்கு முன்னால் 'திருமதி' என்று இருந்தது, அப்பா. இரண்டு வருடமாக நமக்கு வருகிற தாளில் எல்லாம் 'காலஞ்சென்ற' என்றுதானே இருக்கிறது? போனில் அவளிடம் அதை மட்டும் நான் சொல்லவில்லை. புகாரில் அந்த வார்த்தையை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

உங்களிடம் யாராவது இப்படிப் பேசினால் உடனே போனை வைத்துவிடுங்கள். அம்மாவின் கண்ணாடிக் கூடு சும்மாதான் கிடக்கிறது என்றால் அனுப்புங்கள், ஊசி நூல் வைக்க உதவும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ரசீதைப் போலீஸில் வாங்கிக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன் எனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உங்கள் மகள்