உறையாத பால்

நேற்று எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு குப்பியைக் காட்டினாள். புற ஊதா விளக்கின் கீழ் அதிலிருந்த நானோ துகள்கள் நீலமாக ஒளிர்ந்தன. சோதனைக்கு வந்த பாலிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டதும் ஒளி மங்கியது. பாலில் ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால்தான் அப்படி மங்கும். திரும்பத் திரும்பச் செய்தும் மங்கவே, "பால் நல்லாத்தான் இருக்கும், உன் கை சரியில்லம்மா" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நாம் வேலை பார்த்த அடையாறு ஆய்வகத்தில் இதெல்லாம் ஏது? ஒரு இருட்டறை, ஒரு விளக்கு. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை மஞ்சளாக ஒளிர்ந்தால் அசல், இல்லாவிட்டால் சந்தேகம். ஒருநாள் மதியம் நீ டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய். தயிர்சாதம் இல்லாமல் மயிலாப்பூரிலிருந்து கிளம்பியவளே இல்லை நீ.

"ஒரு வாரமா ஆத்துல தயிர் உறையல. 'உன் கைல எதுவுமே தங்காது'ங்கறா மாமியார்."

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் உனக்குக் கரு கலைந்திருந்தது. அந்த அம்மாள் தயிரை மட்டும் சொல்லவில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீதான் தடுத்தாய். "அவாளைத் திட்டாதே. மொதல்ல பாலைப் பார்ப்போம்."

மறுநாள் சீசாவில் பால் கொண்டுவந்தாய். அதைத் திரியவைத்து, தெளிந்த நீரை வடித்துத் தாளில் சொட்டி விளக்கின் கீழ் வைத்தோம். எங்கள் வீட்டுப் பாலின் சொட்டு மங்கலாக இருந்தது. உன் சொட்டு பளிச்சென்று மஞ்சள். "என் கை இல்லடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். எனக்கும் அழுகை வந்தது.

பால்காரர் எதையும் மறைக்கவில்லை. "மாட்டுக்கு மடி வீங்கிக்கினு கீதும்மா, ஊசி போட்டேன். அதுக்கும் தயிருக்கும் இன்னா?" என்றார். ஊசி மருந்து பாலில் இறங்கி உறைமோரின் பாக்டீரியாவை முடக்கியிருந்தது.

நீ மாமியாரையே இருட்டறைக்கு அழைத்துவந்து காட்டினாய். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பால் மாற்றிய பிறகு ஒருநாள் உன் டப்பாவில் தயிர்சாதம் வந்தது.

"மன்னிப்பெல்லாம் கேக்கல. 'நீயே உறை விடு'ன்னா. போதாதா?" என்று எனக்கும் ஒரு உருண்டை வைத்தாய்.

நேற்று அந்த மேசைக்காரரிடம், "அவ கையை விடுங்க சார். மொதல்ல பாலைப் பாருங்க" என்றேன். வேறு பாலில் சோதித்தார்கள். ஒளி மங்கவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசு உன்னை ரொம்பத் தேடியது. நீ இருந்திருந்தால் அவளுக்கும் ஒரு உருண்டை வைத்திருப்பாய்.