கப்பல் படம் போட்ட நாலு நோட்டு

மானகிரி,
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் முத்தரசுக்கு அம்மா எழுதுவது. அய்யனார் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ இன்றைக்குச் சிங்கப்பூர் வெள்ளி ரேட் எத்தனை ரூபாய் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுகிறாய், உன் அப்பா பக்கத்திலிருந்து 'காலையிலயே பாத்துட்டேன்யா' என்பார், நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் அடுப்பில் என் தோசை கருகிவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அடுத்த தெருப் பையன் ஒருவன் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில்தான் இதையும் மாவடு ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன், ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை சாப்பிடச் சொன்னால் நாளைக்கு என்கிறார். உன் அக்கா காளீஸ்வரி ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையிலிருந்து மகிழினியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்குக் காதுகுத்தை ஆவணியில் வைத்துவிடலாம் என்று அவள் மாமனார் நாள் பார்த்துவிட்டாராம். மூன்று வயதிலேயே குத்தியிருக்க வேண்டிய காது, அப்போது நீ வெள்ளி அறுபத்துமூன்றில் நிற்கிறது, கொஞ்சம் ஏறட்டும், சீரும் பெரிதாகச் செய்யலாம், நானும் வந்துவிடுகிறேன் என்றாய். நாலு இரட்டைப்படை, கூடாது. இப்போது ஐந்து, இதையும் விட்டால் ஏழுதான், கூடப் படிக்கிற பிள்ளைகள் வெறுங்காதைப் பார்த்துக் கேலி செய்கிறார்களாம். வெள்ளி எழுபதைத் தொட்டுவிட்டது, நீயோ எழுபத்தைந்து வரட்டும் என்கிறாய். லீவு போட்டால் சம்பளம் போகும், டிக்கெட்டுக்கு வேறு போகும், அந்த வெள்ளியை அப்படியே அனுப்பினால் தோட்டை இன்னும் கனமாகப் போடலாம், மடியில் உட்காரவைக்கத்தான் மலையாண்டி அண்ணன் இருக்கிறாரே என்றாய். உன் கணக்கில் தப்பில்லை ராசா. உன் பெரியம்மா மகன் மலையாண்டி தங்கமான பிள்ளை, உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவான், அவனும் மகிழினிக்கு மாமன்தான். காளீஸ்வரிகூட 'அவங் கஷ்டம் அவனுக்கு, விடும்மா' என்றாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை, போய்ப் பார்த்தால் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

இனி அப்பா சங்கதிக்கு வருகிறேன். அவர் சிங்கப்பூரை விட்டு வந்தபோது மாற்றாமல் நாலு ஐம்பது வெள்ளி நோட்டு கொண்டுவந்தது உனக்குத் தெரியும், கப்பல் படம் போட்டது, பீரோவில் என் முகூர்த்தப் புடவை மடிப்புக்குள்தான் இருந்தது. அப்போது ஒரு வெள்ளி இருபத்தைந்து ரூபாய். காளீஸ்வரி பெரியவளானபோது முப்பது, மாற்றுங்கள், பிள்ளைக்கு ஏதாவது செய்வோம் என்றேன், நாற்பது வரட்டும் என்றார். நாற்பதும் வந்தது போனது. நீ பிளஸ் டூ எழுதிய வருடம் நாற்பத்தேழோ நாற்பத்தெட்டோ, அவள் கல்யாணத்தில் ஐம்பத்திரண்டு, நீ விமானம் ஏறிய மாதம் அறுபதுக்கு மேல். எந்த வருடம் மழை பெய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, வெள்ளி ரேட்டைக் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன், அத்தனை தடவை இந்த மனுசனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

காதுகுத்துக்கு நாள் பார்த்தாயிற்று என்றதும் இந்தச் செவ்வாய்க்கிழமை அவராகவே நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறினார், பேத்தி தோட்டுக்கு என் பங்கு என்றார். மத்தியானம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்லாது என்றுவிட்டார்களா என்று கேட்டேன். 'செல்லுமாம், சிங்கப்பூர்லதேன் செல்லுமாம். பழைய நோட்டு, இங்குட்டு எவனும் வாங்க மாட்டானாம்' என்றார். எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, கேட்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, 'ரேட்டப் பாத்துப் பாத்து அனுப்புடான்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தேன்' என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த தெருப் பையனிடம் கொடுத்தனுப்பினால் நீ அங்கே மாற்றிவிடுவாய் என்றேன். 'வேணாம், அவனே வந்து வாங்கிட்டுப் போகட்டும்' என்று நோட்டைத் திரும்பப் புடவைக்குள் வைத்துவிட்டார்.

மகிழினி சொன்னதையும் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வந்தபோது, காது குத்தும்போது மாமா மடியில்தான் உட்கார வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 'மாமா சின்னதாத்தானே இருக்காக அம்மாச்சி, அவுகதேன் எம் மடியில உக்காரணும்' என்கிறாள். நீ சிரித்தாய், எல்லோரும் சிரித்தோம். ராத்திரி படுத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு இரண்டு வயதில் நீ போனவன், உன் அளவு என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

ஆகவே ஆவணிக்கு வந்து சேர். கனத் தோடு வேண்டாம், பொட்டுத் தங்கம் போதும், சீர்த் தட்டு வரிசையை மலையாண்டியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். கடன் வாங்கி டிக்கெட் எடுக்காதே, சாக்லேட் மூட்டை கட்டாதே. குத்தும்போது அவள் துள்ளுவாள், உதைப்பாள், நீ இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், மலையாண்டி பயந்து கையை விட்டுவிடுவான். வேலையிடத்தில் உயரத்தில் ஏறும்போது கவனம், வெயிலில் தண்ணீர் குடி. அய்யனார் உன்னை அலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பார், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருப்பாய்.

ஒன்று சொல்ல மறந்தேன். இரண்டு நாளாக உன் அப்பா காலையில் ரேட் பார்ப்பதில்லை, தினசரிக் காலண்டரில் ஆவணித் தாளைத் தேடி மடித்து வைத்திருக்கிறார். திரும்பிப் போகும்போது அந்த நாலு நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போய் மாற்றிக்கொள், ஆனால் அது எத்தனை ரூபாய் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா வீரலட்சுமி