முன்னேறுதுன்னு படிச்சேன்

ஜூன் 24, செவ்வாய்

இங்கிலீஷ் டீச்சர் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாராம். சோதனை எலிகள் நாங்கள். காமர்ஸ், பயாலஜி, கம்ப்யூட்டர், மூன்று பிரிவுக்கும் ஒரே தலைப்பு: 'என் குடும்பம்'. எந்தப் பிரிவு எத்தனை விதமான வார்த்தை போடுகிறது என்று எண்ணுவாராம். ஒரு பிரிவின் கட்டுரையை இன்னொரு பிரிவு திருத்த வேண்டும். தினமும் செய்யும் வேலைக்கு நிகழ்காலம் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டார். அவருக்கு டென்ஸ்னாலே டென்ஷன்.

பயாலஜியில் என் தோழி தவளை. தவளையை அறுக்கச் சொன்ன அன்று மயங்கி விழுந்ததில் வந்த பேர். 'ஃப்ராகிஃபை' என்றால் அழகுபடுத்துவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. கட்டுரையில் எழுதிவிட்டாள், பாவம்.

ஜூன் 26

அப்பாவின் இருமலுக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அம்மா கவுன்டரில் வாங்கி, நேராக என் கையில் கொடுத்தாள். இந்த வீட்டுக்கு இங்கிலீஷ் நான்தான். டாக்டரிடம் டோக்கன் திங்கட்கிழமைக்கு. அதுவரை யார் பொறுப்பது?

கடைசி வரியில் 'ப்ரோக்ரஸிவ்'. எங்கள் காமர்ஸ் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும், வளர்கிற கம்பெனிக்கெல்லாம்.

"முன்னேற்றம்னு போட்டிருக்கும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக்; பதினாலு மாடிக் கட்டடத்தில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது. அப்ப மறுபடி மேல போகலாம் என்றார். பதினாலாவது மாடியோட நிறுத்திக்கோங்க என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

ஜூன் 30

டாக்டரிடம் போகவில்லை. நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார். கட்டுரையில் இதையும் சேர்த்தேன்: மை ஃபாதர் ரிப்பேர்ஸ் லிஃப்ட்ஸ். ஹிஸ் டிசீஸ் இஸ் ப்ரோக்ரஸிவ். வீ ஆர் ஹேப்பி.

ஜூலை 4

என் கட்டுரை தவளையிடம் போயிருக்கிறது. அந்த வரியைச் சுற்றி சிவப்பு வட்டம். மத்தியானம் தேடி வந்தாள்.

"நோய்க்குப் பக்கத்துல அந்த வார்த்தை வந்தா, முன்னேறுறது நோய்டி. ஆள் இல்ல."

என்னையே ஃப்ராகிஃபை பண்றியா என்றேன். அவள் சிரிக்கவில்லை. நல்லா நடிக்கிறா.

ஜூலை 5

அகராதி அலமாரியில்தான் இருக்கு. எடுக்கல. ஏன்?

ஜூலை 11

எடுத்தேன்.

வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். யார் முன்னேறுவது என்பதுதான் தெரியாமல் போயிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன் — திட்டியிருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு, காலண்டரில் விரலை வைத்து, போகாத திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாள்.

ஜூலை 14

ஆஸ்பத்திரி லிஃப்டில் அப்பா காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். பிரேக் தேஞ்சிருக்காம்.

டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க சார்."

சொன்னார். வெளியே வரும்போது நான் மட்டும் திரும்பிப் போய், ரெண்டு வாரம் வீணாப்போச்சே, அது என்னாலயா என்று கேட்டேன். அதனால பெருசா எதுவும் மாறியிருக்காதும்மா என்றார்.

பெருசா. அந்த ஒரு வார்த்தையை ஏன் போட்டார்?

ஜூலை 19

அப்பா இனி வேலைக்குப் போக மாட்டார். நான் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பதினாலு மாடிக் கட்டட லிஃப்ட் ஓடுது தெரியுமா, அதை அந்த ரெண்டு வாரத்துலதான் சரிபண்ணேன் என்றார்.

ஆகஸ்ட் 8

டீச்சர் கட்டுரை வார்த்தைகளை எண்ணி முடித்துவிட்டார். மூன்று பிரிவிலும் நான்தான் முதல். நூற்று நாற்பத்து மூன்று விதமான வார்த்தைகள். எல்லாரும் கைதட்டினார்கள். தவளை தட்டவில்லை. நல்லவேளை.

செப்டம்பர் 2

அப்பாவுக்கு இன்று பேச்சு குறைவு. தண்ணி என்றார், இரண்டு தடவை.

அக்டோபர் 21

டீச்சர் மறுபடி அதே தலைப்பு கொடுத்தார். வளர்ச்சியை ஒப்பிட வேண்டுமாம். எனக்கு வேண்டாமென்றால் எழுத வேண்டாம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எழுதினேன். மூன்று வரி. எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. அப்பா வருகிற இடத்தில் எல்லாம் இறந்தகாலம்.

திருத்தியது தவளை. டென்ஸ் சரியா என்று கேட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து, டிக் போட்டாள்.