சருகுக்குக் கீழே கரட்

நவம்பர் 9, ஞாயிறு
கரட் பாத்தியை மூடியாயிற்று. பக்கத்து வீட்டு மேப்பிள் சருகு, முழங்கால் உயரத்துக்கு. மேலே எவ்வளவு ஸ்நோ கொட்டினாலும் கீழே மண் இறுகாது. குளிர் பட்டால்தான் கரட்டில் இனிப்பு ஏறும். ஒவ்வொரு தையிலும் கிண்டி, தங்கச்சி புஷ்பத்துக்கு ஒரு பை குடுக்கிறனான். இந்த முறை இல்லை.

என்ரை மனுசன் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வராதவள். கூடப் பிறந்தவள்! அண்டைக்கு ரொறன்ரோவில் கலியாணவீட்டில் நிண்டவள். கத்தரிப்பூக் கலர் சீலை, தலையில் பூ, படத்தில் முன்வரிசை. நான் மறக்கேல்லை.

டிசம்பர் 14
புஷ்பத்துக்கு வயிற்றில் கான்சராம். என்ரை மகள் சிவாஜினி சொன்னாள். "போய்ப் பாருங்கோ அம்மா."
பேந்து ஒரு நாளைக்குப் பாப்பம் எண்டன்.

ஜனவரி 11
புஷ்பத்தின் மகன் ரதீசன் வந்தான். சப்பாத்துக் கழட்டாமல் வாசலிலேயே நின்றான்.
"பெரியம்மா, மருந்தாலை அம்மாக்கு வாயெல்லாம் இரும்பு மாதிரிக் கைக்குதாம். உங்கடை கரட் எண்டால் தின்னலாமெண்டு சொன்னவ."
"மண் கல்லாய்க் கிடக்கு. ஸ்நோ கரையட்டும்."
பொய். சருகை விலக்கினால் கையாலேயே இழுக்கலாம்.
அவளுக்கு வாய் இல்லையோ? தானே ரெலிபோன் எடுத்துக் கேக்கட்டுமே.

ஜனவரி 29
எடுத்தாள். குரலே அவளுடையதாக இல்லை.
"அக்கா, இன்னும் கோவமோ?"
"ஓம்."
"சரி, கோவத்தோடையே கொண்டு வா."

ஜனவரி 30
விடிந்ததும் மண் அள்ளுற சவளோடு போனேன். ஸ்நோவைத் தள்ளி, சருகை விலக்கி — மண் மெத்தென்றுதான் இருந்தது. கரட் இல்லை. எலி. சருகுக்குள் சூடாகக் குடியிருந்து பாத்தி முழுக்கத் தின்றிருக்கிறது. மேலே குருத்து அப்படியே நிற்கிறது, இழுத்தால் கீழே வெறும் ஓட்டை.
ரதீசன் கேட்டபோது இருந்திருக்குமோ? இருந்திருக்கும். ஐயோ, ஏனடி அப்பிடிச் சொன்னனி?

பெப்ரவரி 1
தமிழ்க்கடையில் கரட் வாங்கினேன். கழுவி மினுக்கி வைத்திருக்கிறான். வீட்டுக்குக் கொண்டு வந்து பாத்தி மண்ணைத் தேய்த்தேன். டொலார்டில் இருக்கிற அவள் வீட்டுக்கு சிவாஜினி காரில் கூட்டிப் போனாள்.

கட்டிலில் கிடந்தது புஷ்பமோ? எலும்பு. ஒரு கரட்டை வாங்கி மணந்தாள். நகத்தால் சுரண்டினாள்.
"கடைக் கரட்டுக்கு மண் பூசினியோ, அக்கா?"
"எலி திண்டிட்டுது."
சிரித்தாள். இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள். "நல்லாத்தான் பூசியிருக்கிறாய். கழுவி வெட்டித் தா."
இரண்டு துண்டு தின்றாள். மற்றதைக் கையிலேயே வைத்திருந்தாள்.
கலியாணவீட்டுக் கதையை நான் எடுக்கேல்லை. அவளும் எடுக்கேல்லை.

மார்ச் 3
புஷ்பம் போயிட்டாள்.

மே 24
கரட் விதை போட்டோம். "இந்த முறையும் சருகு சேர்த்து வைக்கிறதோ அம்மா?" என்றாள் சிவாஜினி.
"வேண்டாம். ஐப்பசியிலேயே எல்லாத்தையும் கிண்டி ரதீசனிட்டைக் குடுத்திடுவம்."
"அப்ப இனிப்பு ஏறாதே."
"ஏறாட்டிப் பரவாயில்லை" எண்டன்.