அந்நியபாஷைக்கு அலையும் வேன்காரன்

மே 3, வெள்ளி
இன்றும் காத்திருப்புக் கூட்டம். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெறாதவர்கள் முன்னால் விரித்த பாயில் முழங்கால்படியிட வேண்டும். பெற்றவர்கள் பின்னால் நின்று, கற்காமலே வாயில் வரும் அந்நியபாஷையில் ஜெபிப்பார்கள். முன்பாயின் நிரந்தரச் சக்கரவர்த்தி அடியேன். என் முழங்கால் பட்டே கொடைக்கானல் மலை அரையடி இறங்கியிருக்கும். எனக்கு வந்ததெல்லாம் தும்மல்.

தாரணிக்கு வந்துவிட்டது. அக்கா மகள். போன மாசம் நான்தான் சபைக்கே கூட்டிவந்தேன். "எனக்கே தெரியல மாமா, தானா வருது"ங்கிறா. தானா வருதாம்.

மே 6, திங்கள்
ஆண்டவரே, எனக்கு ஆர்ஏசி கூடக் கெடையாதா?

மே 10, வெள்ளி
நடந்ததை ஊதிப் பெருக்காமல் எழுதுகிறேன். ஜெபத்தில் கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. உயிர் பூம்பாறை வரை போய், பஸ் பிடித்துத் திரும்பியது. வலியில் வாய்க்கு வந்ததைக் கத்தினேன். வந்தது, டூரிஸ்ட்டுகளை வேனில் ஏற்றப் பழகிய பாஷை: "கேம் சோ, பேசோ பேசோ, ஏஷோ தாதா!"

பாஸ்டர் என் தலையில் கைவைத்து அழுதேவிட்டார். "அண்ணன் அபிஷேகம் பெத்துட்டாரு." சபையே ஸ்தோத்திரம் போட்டது. வலியில் வந்த கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்று துடைத்துவிட்டார்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்னைக்கு நான் இதைச் சபை முன்னால சாட்சி சொல்லணுமாம்.

வெளியே தாரணி, "மாமா, பேசோன்னா குஜராத்தில உக்காருங்கன்னுதானே?"
"ஏ புள்ள, மெதுவாப் பேசு."
"நான் சொல்லமாட்டேன். உங்க இஷ்டம்."

மே 14
சாட்சி தயார். வானம் கிழிந்தது, பேரிஜம் ஏரி கொதித்தது, மீனெல்லாம் கைதட்டியது. எல்லாரும் நம்புவாங்க.

ஆனா ஆண்டவரு? அவருக்குக் குஜராத்தி தெரியாதாக்கும்? கெடைச்ச மாதிரி நடிச்சிட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது — இத்தனை வருஷமாக் கேட்டத?

மே 19, ஞாயிறு
சொல்லிட்டேன். "நரம்பு இழுத்துச்சுங்க. நான் கத்துனது குஜராத்தி, பெங்காலி. எனக்கு இன்னும் வரல."

சபை சிரித்தது. ஒரு அக்கா, "இவரு விடாத கதையா? பெத்தத மறைக்கிறாரு, என்ன தாழ்மை பாரு." மீனு கைதட்டுச்சுன்னா நம்பியிருப்பாங்க. என் வாய்க்கு வாய்த்த கூலி.

மே 24, வெள்ளி
முன்பாயில் போய் மண்டியிட்டேன்.
"நீங்க ஏண்ணே இங்க? பின்னாடி வாங்க."
"காத்திருக்கேன், பாஸ்டர்."

அவர் உள்ளே போய் ஒரு தலகாணி எடுத்துவந்து, நரம்பு இழுத்த என் காலுக்கு அடியில் திணித்துவிட்டுப் போனார்.